சுழற்சி மட்டும்

அந்தப் பெட்டியை மேசைமேல் அப்படித் தடாலென்று போடாதீர்கள், ஐயா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது. எனக்காகச் சொல்லவில்லை, உள்ளே இருக்கும் மெஷினுக்காகச் சொல்கிறேன். ரோட்டரி ஹேமரின் மூக்கில், துளைக்கிற பிட் மாட்டுகிற இடத்தில், ஒரு ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்தால் கல்தூள் உள்ளே போய்விடும். தூள் போனால் மெஷினுக்கு ஆயுள் இல்லை. நல்ல மெஷின் அது. இனி யார் கைக்குப் போனாலும் ஒழுங்காக உழைக்க வேண்டும்.

புதுவீட்டின் தரையை ஏன் சல்லடையாகத் துளைத்து வைத்தாய் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் மெஷின் வாங்கிய நாளிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் பெயர் கிஷாந்த். பொகவந்தலாவைக்கு மேலே, நீங்கள் நேற்று பொலிஸ் ஜீப்பில் வந்து பார்த்த அதே தோட்டத்தில்தான் பிறந்தேன். தோட்ட வேலைக்கு நான் போனதில்லை. மதில் கட்டுவது, தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது, கல் உடைப்பது என்று கொந்தராத்து எடுத்துச் செய்பவன். அண்ணன் சோலைமலை தேயிலை கவ்வாத்து வெட்டுகிறவர். அண்ணி வினோதா கொழுந்து பறிக்கிறவர். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தின் கடைசி வீட்டை எங்கள் பக்கத்தில் தொங்கல் காம்பரா என்பார்கள். அந்தத் தொங்கல் காம்பராவில்தான் நாங்கள் மூவரும் இருந்தோம். அவர்களுக்கு நெடுநாளாகப் பிள்ளை இல்லை. அண்ணி எனக்குத் தனியாக ஒரு தட்டும், ஓர் எனாமல் கோப்பையும் வைத்திருந்தார். அதில் வேறு யாருக்கும் தேத்தண்ணி ஊற்றமாட்டார்.

எங்கள் காம்பராவுக்குப் பின்னால் ஒரு பழைய கருங்கல் மதில் உண்டு. மலைச் சரிவைத் தாங்கி நிற்கும் மதில் அது. மேலே அகலமான கொங்கிரீட் பட்டி, கீழே இரண்டரை அடிக் கனத்துக்குக் கல். போன வருடம் மழை பலமாகப் பெய்ததும் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மதிலுக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது, வடிவதற்குத் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் மதில் வயிறு தள்ளிவிடும் என்று சொன்னார்கள். தோட்டத்தில் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஊரில் கல் துளைக்கத் தெரிந்தவன் நான்தான்.

என்னுடைய பழைய ட்ரில் மெஷின் அதற்குச் சரிப்படாது. சாதாரண ட்ரில், சுவரில் ஆணி அடிக்கத் துளை போடும். கல்லைத் தொட்டால் வழுக்கும். அதனால் புதிதாக ஒன்று வாங்க ஹட்டனுக்குப் போனேன். அண்ணனும் கூட வந்தார். அவருக்கு அன்று வேலை இல்லை, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வர ஆசை.

பஸ் நிலையத்துக்குக் கீழே ஜெயந்தினி அக்காவின் இரும்புக்கடை இருக்கிறது. அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்னா தம்பி, அண்ணனையும் இழுத்துக்கிட்டு வந்திருக்கீங்க? பொண்ணு பாக்கவா?"

"மெஷின் பாக்கக்கா."

"அது பொண்ணு பாக்குறதவிட கஷ்டம். புடிக்கலன்னு திருப்பிக் கொண்டாந்தா நான் வாங்க மாட்டேன்."

இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தார். ஒன்று கைத்துப்பாக்கி மாதிரிப் பிடியுள்ள சின்னது. மற்றது இரண்டு கையாலும் பிடித்துத் தூக்க வேண்டிய பெரியது. இரண்டுமே ரோட்டரி ஹேமர்தான். உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று பிட்டின் பின்தலையில் சம்மட்டி போல் அடிக்கும். ஒரு பக்கம் பிட் சுழலும், ஒரு பக்கம் அடி விழும். அந்த அடிதான் கல்லை உடைக்கிறது. சுழற்சி, உடைந்த தூளை வெளியே அள்ளிப் போடுவதற்குத்தான். மெஷின் தெரிவு செய்கிறவர்கள் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று பார்ப்பார்கள். அது தப்பு. அடி எவ்வளவு பலமாக விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். கொங்கிரீட் பலகை, தூண், தரை என்றால் சின்னது தாராளமாகப் போதும். கனத்த கருங்கல்லுக்குப் பெரியதுதான் சரி, நீளமான பிட்டும் அதில்தான் நிற்கும்.

அண்ணன் பெரியதைத் தூக்கிப் பார்த்தார்.

"டேய், முனியாண்டிக்கு நேந்துவிட்ட கெடா மாதிரி கனக்குதுடா."

நான் சின்னதைக் கையில் எடுத்தேன். ஜெயந்தினி அக்கா என்னத்தைத் துளைக்கப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த மதிலுக்கா இத எடுக்குறீங்க? கல்லு தொளைக்கவா, காது குத்தவா?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பழைய மதில், சுண்ணாம்புச் சாந்து, பெரிய மெஷின் வைத்தால் அதிர்வில் கற்கள் கழன்றுவிடும் என்றேன். அது முழுப் பொய் இல்லை, ஐயா. அப்படி நடப்பதும் உண்டு. அக்கா நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் அண்ணன் நம்பினார்.

"அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும் தங்கச்சி. அவன் கைவச்ச மதிலு ஒன்னும் இதுவரைக்கும் விழுந்ததில்ல."

"நீட்டு பிட்டாவது எடுத்துக்குங்க. இது ஒரு அடிக்கு மேல போகாது."

வீட்டில் இருக்கிறது என்றேன். வீட்டில் இல்லை.

உங்களுக்கு இதில் ஒரு விஷயம் விளங்க வேண்டும். நீங்கள் யாழ்ப்பாணத்தவர். தோட்டத்தில் 'பேர்' என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தோட்டத்துப் பதிவில் ஒருவனுக்குப் பேர் இருந்தால்தான் அவனுக்குத் தோட்டத்தில் எதுவும் உண்டு. லயத்துக் காம்பரா, கம்பளி, விறகு, செத்தால் பெட்டி, எல்லாம் பேருக்குத்தான். என்னைப் போலப் பேர் இல்லாதவன் பிறந்த மண்ணிலேயே விருந்தாளி. லயத்துக்காரர்களுக்கு மேட்டில் தனிவீடு கட்டுகிறார்கள் அல்லவா? அதில் ஒரு வீடு அண்ணனின் பேருக்கு வந்தது. எங்கள் மனையில் ஒரு பெரிய பாறை கிடந்தது. அதை நான்தான் உடைத்தேன். உளியும் சம்மட்டியுமாக, கை தோல் உரிந்து, ஒரு மாரி முழுக்க உடைத்தேன். அத்திவாரக் கல்லெல்லாம் அந்தப் பாறையிலிருந்து எடுத்ததுதான். அப்போதெல்லாம் அண்ணன், "நமக்குத்தான்டா, எனக்கு யாரு இருக்கா" என்பார்.

பிறகு அண்ணி உண்டாகியிருப்பதாகச் சொன்னார்கள். நல்ல செய்தி. நான் சந்தோஷப்பட்டேன். அண்ணிக்குப் புளிப்பு வேண்டுமென்று பசாரிலிருந்து விளாம்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று சாப்பிடும்போது அண்ணன் என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கொழந்த வந்தா எடம் பத்தாதுடா தம்பி. புதுவீடும் சின்னதுதான். நீ ஹட்டன்ல ஒரு ரூம் பாத்துக்க. கோவிச்சுக்காத."

"நல்லா பேசுறீங்க," என்று அண்ணி அவரைக் கடிந்துகொண்டார். "தம்பி எங்கயும் போகாது. குசினில, அடுப்புப் பக்கமா படுத்துக்கும்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு அடுத்த வாரம்தான் மெஷின் வாங்கப் போனோம்.

மதிலில் வரிசையாகத் துளை போட்டேன். ஒவ்வொன்றும் ஓர் அடி ஆழம். மதிலின் பாதியைக்கூட எட்டவில்லை. ஒவ்வொரு துளையிலும் ஒரு பிவிசி குழாய்த் துண்டைச் செருகி, சுற்றிச் சீமெந்து பூசினேன். பார்வைக்கு வெகு நேர்த்தி. தோட்டத்து ஆள் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அண்ணி பிளேன்டீ கொண்டு வந்தார்.

"இனிமே தண்ணி வடிஞ்சுருமா தம்பி?"

போத்தலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை ஒரு குழாய்க்குள் ஊற்றிக் காட்டினேன். குழாய் வெளிப்பக்கம் சரிந்திருந்ததால் ஊற்றிய தண்ணீர் அப்படியே திரும்பி வழிந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு வயிற்றில் கைவைத்துச் சிரித்தார். நிம்மதியாக இருக்கிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், அவர்களை அந்த இருட்டுக் காம்பராவிலிருந்து வெளியே எடுக்கத்தான். மேட்டில் வீடுகள் கூரை போடாமல் அப்படியே நின்றன. லயத்தில் ஓர் ஆபத்து வெளிப்படையாகத் தெரிந்தால்தான் மேலே வேலை நகரும். மதில் கொஞ்சம் வீங்கும், வெடிப்பு விடும், அதிகாரிகள் வந்து எல்லோரையும் கிளப்புவார்கள் என்று கணக்குப் போட்டேன். நியாயமான கணக்கு. யாரும் சாக வேண்டுமென்று நான் நினைக்கவே இல்லை.

வைகாசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் பகல் அண்ணனுக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அண்ணி கொழுந்து நிறுத்துவிட்டு நேரத்தோடு வந்துவிட்டார். நான் மேட்டில், புதுவீட்டு மனையில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மதில் முழுதும் தெரியும். நடுப்பகுதி மெதுவாக முன்னால் வருவது தெரிந்தது. ஒரு மாடு புரண்டு படுப்பது போல அவ்வளவு நிதானமாக வந்தது. என் குழாய்களில் ஒன்றிலிருந்தும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

கூப்பிடு தூரம்தான், ஐயா. ஆனால் மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

பக்கத்துக் காம்பராவில் இருந்த சின்னத்தம்பி அண்ணனும் அவர் வீட்டாரும் ஏதோ முறிகிற சத்தம் கேட்டு வெளியே ஓடித் தப்பினார்கள். தொங்கல் காம்பரா மட்டும் அகப்பட்டுக்கொண்டது. மதிலின் மேல் இருந்த கொங்கிரீட் பட்டி உடைந்து, ஒரு பெரிய பலகையாகக் கூரைமேல் சாய்ந்து கிடந்தது. சுற்றி மண்ணும் கல்லும். கீழே பாதையிலும் மண் சரிந்துவிட்டதால், மண் வெட்டும் மெஷின் மறுநாள்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்கள். சின்னத்தம்பி அண்ணன் பலகையின் ஓரத்தில் படுத்துப் பார்த்தார்.

"கீழ பொந்து இருக்குய்யா. ஆளு இருப்பாங்க. டேய் கிஷாந்து, ஒம் மெஷின எடுத்துக்கிட்டு வாடா."

கரண்ட் இல்லை. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி போடுகிற கோயில் ஜெனரேட்டரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் எனக்கு வழிவிட்டு நின்றார்கள். ஒருத்தி என் தலைக்கு மேல் குடை பிடித்தாள். பலகை ஒரு சாண் கனம்கூட இல்லை. வரிசையாகத் துளை போட்டுப் பிறகு சம்மட்டியால் தட்டினால் விண்டு போகும். மதிலுக்குச் சின்னதாக இருந்த என் மெஷினுக்கு அந்தப் பலகை ஒரு வேலையே இல்லை.

அதன் பக்கவாட்டில் திருப்பி வைக்கிற ஒரு திருகு இருக்கிறது, பெட்டியைத் திறந்தால் நீங்களும் பார்க்கலாம். மூன்று நிலை. ஒன்றில் பிட் சுழன்றுகொண்டே அடிக்கும். ஒன்றில் சுழலாமல் அடிக்க மட்டும் செய்யும், உளி வேலைக்கு. மற்றதில் அடிக்காது, சும்மா சுழலும். அது மரத்துக்கும் தகரத்துக்கும். நான் அதில் வைத்தேன்.

சுழற்சி மட்டும். சத்தம் இருக்கும். சாம்பல் நிறத்தில் சேறு கொஞ்சம் வழியும். உடம்பு குலுங்குகிற மாதிரி நாமே ஆட்டிக்கொள்ளலாம். பார்க்கிறவர்களுக்கு வேறுபாடு தெரியாது. நான் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினேன். ரோட்டரி ஹேமரை ஒருபோதும் அமுக்கக் கூடாது, மெஷினின் கனமே போதும். ஆனால் மக்கள் ஒருவன் பாடுபடுவதைப் பார்க்க விரும்புகிறார்கள்.

"என்னாடா, எறங்கவே மாட்டேங்குது?"

"உள்ள கம்பி மாட்டியிருக்குண்ணே. பழைய கொங்கிரீட்டு."

சின்னத்தம்பி அண்ணன் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள். அண்ணனுக்காகத் தம்பி எப்படிக் கிடந்து உழைக்கிறான் பார் என்று ஒருவர் சொன்னது கேட்டது. ஒரு விரற்கடை ஆழத்துக்கு மேல் எந்தத் துளையும் போகவில்லை. பிட்டின் நுனி சூடேறி நீலம் பாரித்துவிட்டது. நீங்கள் பையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்தப் பிட்தான். அடித்துத் துளைக்கிற பிட் அப்படி நீலமாகாது. அது உங்களுக்கும் யாரோ விளக்கியிருப்பார்கள்.

நான் திருகை அப்படி வைத்ததற்கும் காரணம் உண்டு. அடி விழுந்தால் பலகை அதிர்ந்து கீழே இறங்கிவிடலாம். உள்ளே யாராவது உயிரோடு இருந்தால் அவர்களை நானே நசுக்கியதாக ஆகிவிடும். அப்படி ஒரு பாவத்தை நான் எப்படிச் செய்ய முடியும்?

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் சின்னத்தம்பி அண்ணன் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். ஜெனரேட்டரையும் அமர்த்தினார்கள். பலகையின் ஓர் ஓரத்தில் கை நுழைகிற வெடிப்பு இருந்தது. நான் மெஷினைப் பக்கத்தில் வைத்துவிட்டு அதில் காது வைத்தேன். மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. நெடுநேரம் அப்படியே கிடந்தேன். பிறகு எழுந்து கையை விரித்து, "இல்ல" என்றேன். அதன் பிறகு யாரும் என்னைத் துளைக்கச் சொல்லவில்லை. மறுநாள் மண் வெட்டும் மெஷின் வந்து இரண்டு பேரையும் எடுத்தார்கள். விடிகிற வரை உயிர் இருந்திருக்கிறது என்று டொக்டர் எழுதியிருப்பதாக நீங்கள்தான் சற்று முன் சொன்னீர்கள்.

அண்ணனுக்கு நான்தான் கொள்ளி வைத்தேன். கருமாதியும் குறைவில்லாமல் செய்தேன். அதற்குப் பிறகு லயத்தை மூடினார்கள், மேட்டு வேலை வேகமாக நடந்தது. என் கணக்கு அந்த மட்டில் சரிதான். இறந்தவரின் குடும்பத்தில் அடுத்த ஆள் நான் என்பதால் அண்ணனின் வீட்டை என் பேருக்கு மாற்றினார்கள். சாவி கொடுக்கிற அன்று எனக்கு மாலை போட்டார்கள். பக்கத்து வீடு சின்னத்தம்பி அண்ணனுக்கு.

குடிபோன அன்றே தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது தட்டுக்கு அடியில் அதிர்வு மாதிரி ஓர் இரைச்சல் கைக்குத் தெரிந்தது. மெஷின் பிடித்துப் பழகிய கைக்கு இப்படி இருப்பது வழக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். சரியாகவில்லை. பாயை இடம் மாற்றிப் போட்டேன். கட்டில் வாங்கினேன். கட்டிலின் காலில் அது ஏறி வந்தது. சோற்றுப் பானையை அடுப்பில் வைத்தால் மூடி நடுங்கும். பிறகு இரைச்சல் நின்று தட்டுகிற சத்தம் வந்தது. விரலைக் கொக்கிபோல் மடக்கித் தட்டுவார்களே, அப்படி. அதுவும் நின்றபோதுதான் கதைக்கிற சத்தம் கேட்டது. ஆரம்பத்தில் சொற்கள் தெளிவாக இல்லை.

ஆகவே மெஷினை எடுத்தேன். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் துளைத்துத்தான் பார்க்க வேண்டும், தரையும் அப்படித்தான். இந்த முறை திருகைச் சரியான இடத்தில் வைத்தேன். புது பிட். வாழைத்தண்டில் இறங்குவது போல இறங்கிற்று. அடியில் மண்தான். காது வைத்துப் பார்த்துவிட்டு, சத்தம் வேறு இடத்துக்கு நகர்ந்ததும் அங்கே துளைத்தேன். பிறகு இன்னோர் இடத்தில். பகலில்தான் செய்தேன், அயலவர்களுக்குத் தொந்தரவு கூடாது என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிமிர்ந்து பார்த்தபோது சின்னத்தம்பி அண்ணன் வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. தரையைப் பார்க்கவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதே மெஷின்தானே?"

"ஆமாண்ணே."

"அன்னிக்கு ஏன்டா இப்பிடி எறங்கல?"

நான் கம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் படியிறங்கிப் போனார். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர். அன்று மழையில் ஜெனரேட்டருக்குத் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தியவர் அவர்தான்.

இவ்வளவுதான், குணரத்தினம் ஐயா. சின்ன மெஷினை நான்தான் தெரிவு செய்தேன். துளைகளை நான்தான் அரைகுறையாக விட்டேன். திருகை நான்தான் மாற்றினேன். ஆனால் ஒவ்வொன்றையும் அவர்கள் நன்மையை நினைத்துத்தான் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நீங்கள் பேனையை மூடி வைத்துவிட்டீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "வெடிப்பிலை காது வைச்சனீர்தானே. உமக்குச் சத்தம் கேட்டதோ, இல்லையோ?"

இல்லை என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடமும் அப்படியே சொல்லலாம் என்றுதான் வந்தேன். ஆனால் நீங்கள் இந்த மேசைமேல் கைவைத்துப் பாருங்கள், இரைகிறது. அது பெரிதாக ஒன்றுமில்லை, ஐயா. அண்ணனின் குரல். என்னைக் கூப்பிடவில்லை, அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தார். இப்போது தரைக்கு அடியிலிருந்து வருவதும் அதே குரல், அதே சொற்கள்தான்.

"அழாத புள்ள. மேல தொளைக்கிறது நம்ம தம்பிதான். நம்மள எடுக்காம அது போகாது."